டவுனுக்குக் கொண்டு போறோம்

1. காட்டெருமைத் தலை

ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. தேறிய நான், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, துரையின் அறைச் சுவரில் மாட்டியிருந்த காட்டெருமைத் தலையை நாற்காலி போட்டு ஏறிக் கழற்றி இறக்கினேன். எனக்குப் புத்தி பேதலித்துவிடவில்லை. துரை ஏதோ யோசனையில் சுவரைப் பார்த்தபடி "டேக் திஸ் டவுன்" என்றார். சுவரில் இறக்கக்கூடிய பொருள் அது ஒன்றுதான் இருந்தது. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் தரைக்கு வந்தபோது துரை திரும்பினார். நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

ஹெட் கிளார்க் சுப்பராமன் பாலக்காட்டு அக்கிரகாரத்துக்காரர். என்னை வெளியே இழுத்து வந்து சொன்னார்: "எழுதிக்கோங்கறதுக்கு அர்த்தமாக்கும் அது. பேனாவை எடுக்கறதுக்குப் பதிலா எருமையை எறக்கிட்டீரே! நல்ல வேளை, துரையை எறக்காம விட்டீர்."

எழுபதுகளில், சூரியநெல்லிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீஸ் அது. எனக்கு ஊர் பாலக்காட்டுப் பக்கம் சித்தூர்த் தாலுக்கா பெருமாட்டி. தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சத் தெரியாதவன் என்று வீட்டில் முடிவு செய்து படிக்க அனுப்பினார்கள். படிப்பு என்னை மலையேற்றிவிட்டது.

2. தெரிந்துகொண்ட அர்த்தங்கள்

அந்த அவமானத்துக்குப் பின் ‘டவுன்’ என்ற சொல்லை விடாமல் துரத்தினேன். காற்றடித்துக் கம்பி அறுந்தால் லைன் டவுன். மோட்டார் முனகினால் வோல்டேஜ் டவுன். கொச்சி ஏலத்தில் தேயிலை விலை போகாவிட்டால் மார்க்கெட் டவுன்; அன்றைக்குத் துரையும் டவுன், யாரும் அவர் அறைக்குள் போகமாட்டார்கள். காய்ச்சல் குறைந்தாலும் டவுன்தான், அது நல்ல டவுன். சங்கத்துக்காரர்கள் கேட்டில் நின்று "டவுன் டவுன்" என்று கத்தினால் துரை ஒழிய வேண்டும் என்று பொருள். அவர் ஒழியவில்லை, அது வேறு.

இத்தனையும் தெரிந்தபின் இந்தச் சொல்லில் இனி எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நினைத்தேன். எங்கள் பெருமாட்டியில் இதற்கு இருந்தது ஒரே அர்த்தம்தான். டவுன் என்றால் பாலக்காடு. கொஞ்சம் வசதியுள்ளவர்களுக்குக் கோயமுத்தூர்.

3. போன்

ஆபீஸ் போனை எடுப்பது புதிதாகச் சேர்ந்தவன் வேலை. கைப்பிடியைச் சுழற்றிப் பேசும் பெட்டி அது. மழைக்காலத்தில் அதில் மனிதக் குரலைவிட மழைச் சத்தம் அதிகம் கேட்கும்.

ஒரு நாள் முற்பகல் மேல் மலைப் போனிலிருந்து கம்பவுண்டர் ஞானமுத்து கூப்பிட்டார். அப்போதுதான் அங்கே, கொழுந்து மூட்டையோடு இறங்கி வந்த ஒரு பெண் சறுக்கிப் பாறையில் விழுந்திருந்தாள். வயிற்றில் அடி. பெயர் செல்லக்கனி. ஃபாக்டரியில் இலை சுருட்டும் ரோலர் ஓட்டும் சுடலைமுத்துவின் மனைவி.

"டவுனுக்குக் கொண்டு போறோம். நெலமை சரியில்ல. சுடலைமுத்துவ ஒடனே அனுப்பும்" என்றார். அதோடு லைனும் டவுன்.

நான் ஃபாக்டரிக்கு ஓடினேன். சுடலைமுத்து ரோலரை நிறுத்திவிட்டு, கையில் ஒட்டியிருந்த பச்சைச் சாற்றை வேட்டியில் துடைத்தபடி வந்தார்.

"உங்க சம்சாரம் மலையில விழுந்துட்டாங்களாம்ங்க. மூணாறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாங்க."

"மூணாறுக்கா? பஸ்ஸுல ஏறுனாலே வாந்தி எடுப்பாளே சார் அவ."

"ஏனுங்க, இப்பப் போயி அதைப் பேசிட்டு. தேயிலை லாரி கெளம்புது, வாங்க."

அவர் ஒரு நிமிடம் ஃபாக்டரியின் பின்வாசலைப் பார்த்தார். ஏன் பார்த்தார் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. கையைப் பிடித்து இழுத்துப் போய், டிரைவர் பக்கத்தில் நானே ஏற்றிவிட்டேன். லாரி வளைவு திரும்பும் வரை நின்று பார்த்தேன். காரியம் சாதித்த திருப்தி இருந்தது.

மதியத்துக்கு மேல் லைன் வந்தது. மறுபடி கம்பவுண்டர்.

"என்னய்யா, ஆளை அனுப்பலையா?"

"அப்பவே அனுப்பிட்டேனுங்க. லாரியில."

"லாரியிலயா? இங்கன வாரதுக்கு எதுக்குய்யா லாரி?"

"நீங்க எங்கிருந்துங்க பேசறீங்க?"

"டவுன்லருந்துதான்."

என் பக்கத்து மேஜையில் எழுதிக்கொண்டிருந்த சுப்பராமன் நிமிர்ந்தார். "எங்கே அனுப்பினீர்?" என்றார். சொன்னேன். அவர் பேனாவுக்கு மூடி போட்டார். ஆபீஸ் காகிதங்களில் செகண்ட் டிவிஷன் என்று நான் தினமும் எழுதிவந்த இடத்துக்கு, எஸ்டேட்டில் எல்லோர் வாயிலும் பெயர் டவுன். மலைச்சரிவில் கீழே இருப்பதால் பழைய வெள்ளைக்காரத் துரை எவரோ வைத்துவிட்டுப் போனது. நான்கு கட்டில் போட்ட டிஸ்பென்சரி அங்கேதான் இருந்தது. வாரத்தில் டாக்டர் வரும் நாளும் அன்றுதான். மூணாறை இங்கே யாரும் டவுன் என்பதில்லை. மூணாறை மூணாறு என்றுதான் சொல்வார்கள்.

4. வாசல்

சுப்பராமன் துரையிடம் ஓடி, ஆளைத் தேடி ஜீப்பை மூணாறுக்கு அனுப்பச் செய்தார். நான் டவுனுக்கு இறங்கினேன். ஃபாக்டரியின் பின்வாசலிலிருந்து ஒரு குறுக்குப்பாதை. ஒரு பீடி பிடித்து முடிப்பதற்குள் போய்விடலாம்.

டாக்டர் வந்து பார்த்திருந்தார். உள்ளே ரத்தம் கசிகிறது, தூக்கி ஜீப்பில் வைத்தால் வழியிலேயே முடிந்துவிடும் என்று சொல்லியிருந்தார். நான் டிஸ்பென்சரி வாசலில் போய் நின்றேன். கம்பவுண்டர் வேகமாக வெளியே வந்தார்.

"வாசல்ல நிக்காதீரும். நெழலு விழுந்தா அவருன்னு நெனைச்சு எந்திரிக்கப் பாக்கா."

நான் விலகிச் சுவரோரம் நின்றேன். உள்ளே அவள் குரல் கேட்டது. கோபமாகக்கூட இல்லை. "மெசினை நிப்பாட்டிட்டுல்ல வரணும். அவுக வந்துருவாக" என்று கம்பவுண்டருக்கு அவள்தான் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்புறம் அந்தக் குரலும் கேட்கவில்லை.

ஜீப் டிரைவர் சுடலைமுத்துவைக் கண்டுபிடித்தபோது, அவர் மூணாற்றில் இரண்டாவது ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில், ஒவ்வொரு கட்டிலாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். சம்சாரத்துக்கு மறுநாள் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வருவதாக அங்கே ஒரு நர்ஸிடம் சொல்லியிருக்கிறார். இங்கே அவர் வந்து சேர்ந்தபோது செல்லக்கனியின் கால்விரல்களைக் கட்டியிருந்தார்கள்.

5. விளக்கம்

காரியமெல்லாம் முடிந்து சுடலைமுத்து வேலைக்குத் திரும்பிய அன்று, நானாகவே ரோலர் ரூமுக்குப் போனேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. கீழே என்கிற டவுனும் பட்டணம் என்கிற டவுனும் ஆங்கிலத்தில் வேறு வேறு சொல் என்றேன். ஒன்றுக்கு ‘டி’, மற்றதற்கும் நாம் சொல்லும்போது கிட்டத்தட்ட அதே ‘டி’. மலையாளத்தில்கூட இரண்டுக்கும் தனித்தனி எழுத்து உண்டு, தமிழில்தான் இரண்டுக்கும் ஒரே ‘ட’ என்று, எழுத்தின் மேல் பழியைப் போட்டு, நெடுநேரம் பேசினேன். அவர் இலையைத் தள்ளிக்கொண்டே கேட்டார்.

"கம்பவுண்டர் என்ன சொன்னாரு சார் ஒங்ககிட்ட?"

"டவுனுக்குக் கொண்டு போறோம்னாருங்க."

"அதை அப்படியே எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் போயிருப்பேனே சார்."

அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. அதன்பிறகு பல வருஷம் பல ஆபீஸ்களில் வேலை பார்த்தேன். இப்போது வேலைக்குச் சேரும் பிள்ளைகள் யோசனை கேட்டால் நான் சொல்வது இது ஒன்றைத்தான்: செய்தியைக் கொண்டுபோகிறவன் செய்தியை மட்டும் கொண்டுபோக வேண்டும். அர்த்தம், யாருக்குச் செய்தியோ அவர்களுக்குத் தெரியும். எனக்கு ஆங்கிலம் புரியாமல் அந்தத் தவறு நடக்கவில்லை. புரிந்துவிட்டதென்று நினைத்து நடந்தது.

அந்த வருஷமே துரையிடம் போய், இன்னொருவருக்கு இப்படி ஆகக் கூடாது, அந்த டிவிஷன் பெயரை மாற்றி எழுதிவைக்க வேண்டும் என்று மன்றாடினேன். அவரும் சம்மதித்தார். குழப்பத்துக்கு இடமில்லாத ஒரு சொல்லை நானே யோசித்துத் தேர்ந்தெடுத்தேன். பாதை பிரியும் இடத்தில் ‘லோயர் டிவிஷன்’ என்று பெரிய எழுத்தில் போர்டு நட்டார்கள்.

சில நாள் கழித்து, ஷிப்ட் முடிந்து போன சுடலைமுத்து ஆபீஸ் ஜன்னலருகே நின்றார். அவராக என்னிடம் பேச வந்தது அதுதான் முதல் தடவை.

"சார், அந்தப் போர்டைப் பாத்துட்டு நேத்து பூப்பாறையிலருந்து ஒரு ஆளு டிஸ்பென்சரிக்கு வந்து நிக்கான். லோயரு உள்ள இருக்காரா, எடத் தகராறு கேஸு ஒண்ணு பேசணும்ங்கான்."