அப்பாவின் ஆர்மோனியச் சத்தத்தைத் தேடி: திண்டுக்கல்லிலிருந்து கீரனூர் வரை

அப்பா இறந்து மூன்று வருடமாகிறது. திண்டுக்கல்லில் 'தோல் மண்டி சவரிமுத்து' என்றால்தான் தெரியும். ஆனால் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ஊர் ஊராகப் போய் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர் அவர். நாடகம் இல்லாத மாதங்களில் அடுப்பு எரியவில்லை. எனக்கு மூன்று வயதாவதற்குள் ஆர்மோனியத்தை விற்றுவிட்டு மண்டி வேலையில் சேர்ந்துவிட்டார். அதன் பிறகு எந்த ஆர்மோனியத்தையும் தொடவில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. அப்பாவைப் பற்றி ஓர் ஆவணப்படம். எல்லாம் கைப்பேசியில்தான். நான்கு புகைப்படங்கள், மக்கிப்போன ஒரு நாடக நோட்டீஸ், சொந்தக்காரர்களின் பேச்சு என்று இருபது நிமிடம் தேறிவிட்டது. வாத்தியக்காரரைப் பற்றிய படத்தில் வாத்தியச் சத்தம் மட்டும் இல்லை. அவர் வாசித்ததை யாரும் பதிவு செய்யவில்லை. நானும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை, அந்த ஏக்கம்தான் இந்தப் படத்துக்கே காரணம். அந்த ஆர்மோனியத்தின் சத்தமாவது கிடைக்காதா என்று போன ஆவணியில் சென்னையிலிருந்து ரயில் ஏறினேன்.

எண்பத்து நான்கு வயது அம்மாவிடம் பேட்டி கேட்டேன். "நான் ஒரு நாடகமும் பாத்ததில்லடி. என்னையப் போயி கேக்குற! போ, வேலையப் பாரு" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சரி, இங்கே ஒன்றும் தேறாது என்று சாணார்பட்டிக்குக் கிளம்பினேன். டவுன் பஸ், அரை மணி நேரம், பெண்களுக்கு டிக்கெட் கிடையாது.

அங்கே இருந்தவர் கருப்பையா. அப்பாவோடு பத்து வருடம் மிருதங்கம் வாசித்தவர். காது மந்தம், நினைவு மட்டும் கத்தி மாதிரி கூர்மை.

"ஒத்திகையே கிடையாது தாயி," என்றார். "மதுரையில இருந்து ஒரு ஆளு, புதுக்கோட்டையில இருந்து ஒரு ஆளு வருவாக. திரைக்குப் பின்னால நின்னு மொதப் பாட்ட எடுப்பாக. எந்தச் சுருதின்னு யாருக்குத் தெரியும்? எடுத்த மூச்சுலயே உங்கப்பன் கட்டையைப் பிடிச்சுருவாரு. புது ஆளுன்னா, அந்தக் கட்டைக்குப் பக்கத்துல மரத்துல ஆணியால பேரோட மொத எழுத்தக் கீறி வச்சுக்குவாரு. அடுத்த தடவ தேட வேணாம்ல!"

யார் யாருக்கு வாசித்தார் என்ற பட்டியலே அந்த மரத்தில் இருக்கிறது! ஆர்மோனியம் கீரனூர் பஜனைக்காரர் ஒருவர் வீட்டுக்குப் போனதாகவும் அவரே சொன்னார். விசாரித்து நம்பர் வாங்கிப் பேசினேன். ஆர்மோனியம் பத்திரமாக இருந்தது. "படம் எடுக்க வருகிறேன்" என்றேன். நான் செய்த தப்பு அதுதான்.

மூன்று வாரம் கழித்துப் போனேன். திண்டுக்கல்லிலிருந்து பழனி அறுபது கிலோமீட்டர், ஐம்பத்திரண்டு ரூபாய், ஒன்றே முக்கால் மணி நேரம். காலை ஆறரை பஸ் என்றால் ஜன்னல் சீட் கிடைக்கும். ஒட்டன்சத்திரத்தில் பத்து நிமிடம் நிற்கும், காபி குடித்துவிடலாம். பழனியிலிருந்து கீரனூர் இன்னும் இருபது கிலோமீட்டர். ஒன்பதரைக்கெல்லாம் வீட்டு வாசலில் இருந்தேன்.

"வாங்க, வாங்க. பயணமெல்லாம் சௌரியமுங்களா?" என்று வரவேற்ற சுப்பிரமணியத்துக்கு எழுபது வயது, தென்னந்தோப்புக்காரர். நடுக்கூடத்தில் புது வேட்டி விரித்து, அதன்மேல் ஆர்மோனியம், அதற்கு ஒரு சாமந்தி மாலை. கண்ணாடி மாதிரி மின்னியது.

"படம் புடிக்கறீங்கன்னு சொன்னீங்கள்ல, பழனிக்குக் கொண்டுபோயி, உள்ள சத்தம் குடுக்கற ரீடெல்லாம் புதுசா மாத்திட்டமுங்க."

அவர் மனைவி பெருமையோடு சேர்ந்துகொண்டார். "மரத்துல என்னமோ கீறல் கீறலா, அசிங்கமா இருந்துச்சுங்க. நானே பக்கத்துல நின்னு உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொன்னனுங்க."

அப்பா கீறி வைத்த எழுத்துகள் அத்தனையும் போய்விட்டன. யாரைக் கோபிப்பது? படம் எடுக்க வருகிறார்கள் என்றால் நம் ஊரில் யார் முகம் கழுவாமல் நிற்பார்கள்? ஆர்மோனியத்துக்கும் முகம் கழுவிவிட்டார்கள். சுப்பிரமணியம் வாசித்தார், நன்றாகத்தான் வாசித்தார். பதிவு செய்தேன். கடைக்கு வந்த புதுச் சரக்கின் சத்தம். எனக்கு அழுகை வந்துவிட்டது, விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

அந்த அம்மாள் பதறிப்போய் உள்ளே ஓடினார். ஒரு பஞ்சாமிர்த டப்பாவோடு வந்தார். "பழைய ரீடுங்க. பித்தளையாச்சே, எதுக்கு வீசறதுன்னு வாங்கியாந்து வெச்சிருந்தனுங்க."

சுண்டுவிரல் நீளத்தில் பித்தளைத் தகடுகள். ஆர்மோனியத்தின் குரல் இவைதான், துருத்தியின் காற்று பட்டு இவற்றின் நாக்கு அதிரும். சுப்பிரமணியம் ஒன்றை எடுத்து வாயில் வைத்து ஊதிக் காட்டினார். கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. ஒவ்வொன்றாக நானும் ஊதினேன். டப்பாவில் மிச்சமிருந்த பஞ்சாமிர்த வாசனையோடு பதினோரு ரீடு சத்தம் போட்டது. எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டேன். டப்பாவையே கொடுத்துவிட்டார்கள்.

மாலை ஐந்தரைக்குத் திண்டுக்கல் வந்துவிட்டேன். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். எதிரே கைப்பேசியைப் படம் எடுக்கச் சாய்த்து வைத்துவிட்டு, டப்பாவைத் திறந்து ரீடுகளை ஒவ்வொன்றாக ஊதினேன். முதல் சத்தம், இரண்டாவது சத்தம். மூன்றாவதில் அம்மாவின் கை நின்றது.

"இம்புட்டு வேகமாவா ஊதுவ? உங்கப்பா துருத்திய மெதுவால்ல அமுக்குவாரு."

"நீதான் நாடகமே பாத்ததில்லையேம்மா?"

"நாடகம் பாத்தேன்னு யாருடி சொன்னா? வீட்ல வாசிப்பாருல்ல. நீ தொட்டில்ல கெடந்து கத்துவ. இந்தக் கட்டைய ஒண்ண மட்டும் பிடிச்சுக்கிட்டு, நீ தூங்குற வரைக்கும் எந்திரிக்க மாட்டாரு. கை வலிக்கும்பாரு, விட மாட்டாரு. நீ என்னமோ கேட்டதே இல்லைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுற."

இவ்வளவையும் கேமரா பார்த்துக்கொண்டுதான் இருந்தது. முந்தானை முகத்துக்கு வரவில்லை. நான்தான் என் முந்தானையை எடுத்துக்கொண்டேன். படம் இப்போது அந்த ரீடு சத்தத்தில்தான் தொடங்குகிறது. ஊதியது அம்மா, மெதுவாக.

இதே மாதிரி கிளம்புகிறவர்களுக்கு: தைப்பூசம், பங்குனி உத்திரம் சமயத்தில் பழனி பஸ்ஸில் ஏற நினைக்காதீர்கள், நிற்கக்கூட இடம் இருக்காது. கீரனூருக்கு மதியத்தில் பஸ் குறைவு, ஒன்றை விட்டால் ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பொருளைப் பார்க்கப் போவதாக இருந்தால், அது இருக்கிறபடியே இருக்கட்டும் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டிலிருந்து அம்மா வீடு நடந்தே பன்னிரண்டு நிமிடம்தான். நான்தான் எண்பது கிலோமீட்டர் போய்விட்டு வந்தேன்.