படுத்தபடி பார்க்க முடியாத டிவி

சூளகிரியிலிருந்து குட்டியானை வண்டியில் வந்து இறங்கிய டிவி, அட்டைப்பெட்டியோடு வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. ருக்மணி அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு மகனிடம் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"எங்க மாட்டப் போற?"

"அப்பா ரூம்லதான்மா. கட்டிலுக்கு நேரா" என்றான் மாதேஷ். "பாவம், படுத்துக்கிட்டே பாக்கட்டும்."

"படுத்துக்கிட்டே பாத்தா படுத்தேதான் கெடப்பாரு. கூடத்துல மாட்டு."

உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "பேடா, பேடா! எனக்கு இங்கதான் வேணும்!"

திம்மராயன் தக்காளி விவசாயி. லோடு ஏற்றிக்கொண்டு கர்நாடக மண்டிகளுக்குப் போய் வந்தே பாதி ஆயுளைக் கழித்தவர். பேரத்தில் இறங்கிவர மனமில்லையென்றால் கன்னடத்துக்கு மாறிவிடுவார். வீட்டிலும் அப்படித்தான். அவர் வாயில் 'பேடா' வந்தால் வேண்டாம் என்பதோடு விஷயம் முடிந்தது என்று அர்த்தம்.

அவருக்குப் பக்கவாதம் வந்ததில் இடது கையும் காலும் ஓய்ந்திருந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. நாலு கால் வைத்த ஊன்றுகோலை வலது கையில் பிடித்தால் நடக்க முடியும். ஆனால் நடக்க மாட்டார். சாப்பாடு, காபி, பேப்பர் எல்லாம் கட்டிலுக்கே வர வேண்டும். பயிற்சி கொடுக்க வந்த சரிதா, போகும்போது ருக்மணியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "இப்ப நடக்கலன்னா அந்தக் கால் அப்படியே நின்னுடும்மா. இன்னொண்ணு, இடது பக்கம் என்ன இருக்குதுன்னே அவருக்குத் தோணறதில்ல. அந்தப் பக்கமா நின்னு பேசுங்க. தானா திரும்பட்டும்."

ருக்மணிக்கு அது புதிதில்லை. தட்டில் இடது பாதிச் சோறு அப்படியே மிஞ்சுவதைத் தினமும் பார்க்கிறாளே. ஓசூர்ப் பக்கம் ரோஜாப் பண்ணையில் நாள் முழுக்க நின்றபடி பூக்களைத் தரம் பிரித்துக் கட்டியவள் அவள். வாடும் பூவைப் பார்த்து உச்சுக் கொட்டினால் ஆகாது, உடனே தண்ணீரில் வைக்க வேண்டும். புருஷன் விஷயத்திலும் உச்சுக் கொட்டுவதை மற்றவர்களுக்கு விட்டுவிட்டாள்.

டிவி வந்த அன்று வாக்குவாதம் நீண்டது. மாதேஷ் அப்பா பக்கம், மருமகள் சுவேதா அத்தை பக்கம். கடைசியில் ருக்மணி, "ரூம்ல மாட்டறதா இருந்தா அவரைக் குளிப்பாட்டறது, பெட்ஷீட் மாத்தறது எல்லாம் நீயே பாத்துக்கோ" என்றாள். மாதேஷ் டிரில்லிங் மெஷினை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டான்.

சாயங்காலம் கபடி. அதைச் சொல்லித்தான் திம்மராயனைக் கட்டிலிலிருந்து கிளப்ப முடிந்தது. முனகிக்கொண்டே ஊன்றுகோலை ஊன்றி வந்து கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணாந்து பார்த்தார். டிவி ஏறக்குறைய கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

ஆட்டம் சூடு பிடிப்பதற்குள் கழுத்தைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். "இதுக்கு நான் படுத்தே கெடக்கறேன். படுத்துக்கிட்டு மேல பாத்தா வலிக்காது!" என்று எழுந்து போய்விட்டார். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

ருக்மணிக்குச் சுருக்கென்றது. இந்தக் கோபத்தோடு படுத்தவரை இனி யார் கிளப்புவது? மாதேஷிடம் திரும்பினாள்.

"ஏன்டா, பல்லிக்காடா டிவி மாட்டின?"

"எங்க கம்பெனியில இந்த உயரத்துலதாம்மா மாட்டுவோம். லைன்ல நிக்கற அத்தனை பேருக்கும் தெரியணுமில்ல?"

ஓசூரில் உதிரிபாகத் தொழிற்சாலையில் அவனுக்கு வேலை. அன்றைக்கு எத்தனை உருப்படி முடிந்தது என்று காட்டும் திரை அங்கே எல்லார் தலைக்கும் மேலே தொங்கும். கை பழகிய உயரத்திலேயே வீட்டிலும் துளை போட்டுவிட்டான்.

"இங்க யாருங்க லைன்ல நிக்கறாங்க?" என்றாள் சுவேதா. "மாமா எத்தனை இட்லி தின்னாருன்னு அதுல ஓட விடுங்க." மாதேஷுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் காலை ருக்மணி புருஷனிடம் போனாள். "டிவி பாக்கக் கூப்பிடல. அளவெடுக்கணும், வந்து உக்காருங்க."

"நான் என்ன கல்யாண மாப்பிள்ளையா, அளவெடுக்க?"

"மாப்பிள்ளைன்னா இந்நேரம் ஓடி வந்திருப்பீங்க. எழுந்திருங்க."

அவர் வந்து உட்கார்ந்தார். டிவி வந்த அட்டையில் ஒரு பக்கத்தை வெட்டி, மாதேஷ் சுவரில் பிடித்துக்கொண்டான். ருக்மணி சுவரைப் பார்க்கவே இல்லை. புருஷனின் தாடையைத்தான் பார்த்தாள்.

"எறக்கு. இன்னும் எறக்கு. தாடை இன்னும் மேலதான் இருக்குது... ம், எறங்கிடுச்சு. அங்க கோடு போடு."

பிறகு நாற்காலியைச் சற்று வலப்புறம் தள்ளச் சொன்னாள். இப்போது அட்டை அவருக்கு இடப்பக்கமாக விழுந்தது.

"நேரா வைடி, கழுத்து திரும்பணுமே!"

"திரும்பட்டும்னுதான் வெக்கறேன். நிமிந்து பாத்தாத்தான் வலி. திரும்பிப் பாத்தா சரிதா சொன்ன பயிற்சி."

"பேடா" என்றார் அவர். ஆனால் தலை அட்டைப் பக்கம் திரும்பித்தான் இருந்தது.

மாதேஷ் டிவியை இறக்கி மாட்டினான். நடக்கிற வழியில் கிடந்த ஒயரைச் சுவரோரமாக ஆணியடித்து ஒதுக்கினான். மேலே மிஞ்சிய துளைகளில் ஒன்றில் காலண்டரும் இன்னொன்றில் கடிகாரமும் தொங்கின.

சாயங்காலம் ருக்மணி யாரையும் கூப்பிடவில்லை. டிவியைப் போட்டுவிட்டு, சத்தத்தை நன்றாகக் குறைத்து, ரிமோட்டை டிவிக்கு இடப்பக்கத்து மாடத்தில் வைத்தாள். அடுப்படிக்குப் போய் அவரைக்காய் ஆய உட்கார்ந்தாள். சுவேதாவும் எதிரில் உட்கார்ந்தாள்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பிறகு 'டக்' என்று ஊன்றுகோல் சத்தம். மறுபடியும் டக். சுவேதா பதறி எழுந்தாள். ருக்மணி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். சத்தம் கூடத்துக்கு வந்து சேர்ந்தது.

"ஒண்ணுமே கேக்கல. ரிமோட்டு எங்கடி?"

"டிவி கிட்ட, மாடத்துல."

"காணோமே!"

"இடது பக்கம் பாருங்க."

ருக்மணியின் கையில் அவரைக்காய் அப்படியே நின்றது. டக், டக். பிறகு கூடமே அதிரும்படி கபடி வர்ணனை வெடித்தது.

"சத்தத்தைக் கொறைங்க!" என்று கத்தினாள் ருக்மணி.

"பேடா!" என்று அதைவிடப் பெரிதாக வந்தது பதில்.

ருக்மணி அவரைக்காயின் நாரை உரித்துப் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள்.