பேடு வேண்டாத ஜட்டி

பெண்கள் உள்ளாடைப் பிரிவில் நிற்பவளுக்கு வேண்டிய முதல் தகுதி, யார் எதைக் கேட்டாலும் முகம் மாறாமல் "சைஸ் என்ன?" என்று கேட்பது. நாகர்கோவிலில் ஒரு துணிக்கடையின் இரண்டாம் மாடியில் ஒன்பது வருஷமாக அதைத்தான் செய்கிறேன். நாங்கள் உட்கார ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். அதில் ஓர் அட்டைப்பெட்டி உட்கார்ந்திருக்கிறது. மாதத்தில் அந்த நாலைந்து நாளும் நின்றுகொண்டே வேலை பார்க்கிற அக்கா தங்கச்சிமாருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

புதுச் சரக்கு

முதலாளி அண்ணாச்சி திருப்பூர் போய்விட்டு வரும்போது நாலு பெட்டி கொண்டுவந்தார். வழக்கமாகப் புதுச் சரக்கு வந்தால் பிரித்து, விரித்து, துணியைக் கசக்கி அரைமணி நேரம் பேசுவார். இந்த முறை பெட்டியைத் தொடவே இல்லை. மின்விசிறியைப் பார்த்தபடி, இது மாதத்துக்கு உள்ள ஜட்டி, உள்ளே நாலு அடுக்குத் துணி உண்டு, அதுவே உறிஞ்சிக்கொள்ளும், பேடு வேண்டாம், அலசித் துவைத்துத் திரும்பப் போடலாம் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

தாங்குமா என்று ஆட்கள் கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டேன். அதற்குள் அவர் இரண்டு படி இறங்கியிருந்தார். திரும்பாமலே பதில் சொன்னார்.

"உங்கள்ல ஒருத்தி போட்டுப் பாருங்க பிள்ளே. பாத்துட்டு எனக்கிட்ட ஒண்ணும் சொல்லாண்டாம்."

நாய்

நாலு ஜட்டி எடுத்துப் போட்டுப் பார்க்கிறேன் என்று நான் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. கூட்ட நாளில் கழிவறைக்கு இறங்கிப் போய்வர நேரம் கிடைக்காது. சாயங்காலத்துக்குள் பேடு உரசித் தொடை இரண்டும் வெந்துபோகும். அதைவிடப் பெரிய பாடு, மாற்றிய பேடை என்ன செய்வது என்பது. எங்கள் கடற்கரை ஊரில் வீட்டுச் சுவரும் அடுத்த வீட்டுச் சுவரும் ஒட்டிக்கொண்டு நிற்கும். எரிக்கவோ புதைக்கவோ ஒரு முழம் இடம் இல்லை. தாளில் சுருட்டி, குப்பை வண்டி வரும்வரை பின்வாசலில் வைத்திருப்பேன்.

ஒருநாள் சாயங்காலம் அந்தப் பொதியை நாய் கவ்விக்கொண்டு போய், தெருவோரச் சிலுவை நிற்கும் குருசடிக்கு முன்னால் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த கூட்டத்துக்குப் பின்னால் போட்டுப் பிரித்தது. செபத்தை நடத்தியது என் மாமியார். கூட்டத்தைப் பார்த்து நின்றதால் நாயைக் கண்டவர் அவர் ஒருவர்தான். நான் ஓடிப்போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்த மாமியார் செபமாலையை ஆணியில் மாட்டிவிட்டுச் சொன்னார்.

"ஆரும் திரும்பிப் பாக்காம இருக்க, அஞ்சு அருள்நிறை மரியே கூட்டிச் சொன்னேன்."

பரிசோதனை

முதல் நாள் போட்டுக்கொண்டு போனபோது நம்பிக்கையே வரவில்லை. காலையில் மட்டும் ஏழெட்டுத் தடவை டிரையல் ரூம் கண்ணாடியில் முதுகைக் காட்டிப் பார்த்தேன். என்னோடு அதே பிரிவில் நிற்கிற சுஜாவும் நைட்டி மடிக்கிற சாக்கில் என் பின்னாலேயே நடந்தாள். மத்தியானம் வரை ஒரு பொட்டுக் கறை இல்லை. அவள் மகிழ்ந்துபோய், வாங்குகிறவர்களிடம் தைரியமாகச் சொல்லலாம் என்றாள். பயத்தில் உள்ளே ஒரு பேடும் வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் அவளிடம் சொன்னேன். கையிலிருந்த நைட்டியைக் கீழே வைத்தாள்.

"அப்ப நீ எதை டெஸ்ட் பண்ணுக, பேடையா, ஜட்டியையா?"

கொடிக்கயிறு

மறுநாள் பேடு இல்லாமல் போனேன். காலையிலிருந்து கடை அடைக்கும்வரை நின்று, பஸ்ஸிலும் நின்றுகொண்டே வீடு வந்தேன். தாங்கியது. தொடை வேகவில்லை. கஷ்டம் அதற்குப் பிறகுதான். பச்சைத் தண்ணீரில் நிறம் தெளியும்வரை அலச வேண்டும். சுடுதண்ணீர் ஆகாது, துணிக்கு ஊற்றுகிற வாசனைத் திரவம் ஆகாது. அலசுவதைக்கூட முடித்துவிடலாம், நாலு அடுக்கும் காய வேண்டுமே. வெட்கப்பட்டு ஒரு துவர்த்துத் துண்டின் அடியில் மறைத்துப் போட்டேன். மழைக்காலம். இரண்டு நாளில் ஈரவாடை அடித்தது.

மாமியார் துவர்த்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். சொன்னேன். மறுபடியும் அலசி, நாலையும் வாசல் பக்கத்துக் கொடியில், அன்றைக்கு எட்டிப்பார்த்த வெயில் படும்படி வரிசையாக மாட்டினார். அடுத்த வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, கறுப்பாக ஒரே மாதிரி நாலு தொங்குகிறதே, அது என்ன என்று விசாரித்தார். மாமியார் கிளிப்பைக் குத்திக்கொண்டே பதில் சொன்னார்.

"மருமவளுக்க கடை யூனிஃபார்ம்."

பிளாரன்ஸ் அக்கா

எங்கள் பக்கத்து ஊர் பிளாரன்ஸ் அக்கா, தலையில் சருவப் பாத்திரத்தில் மீன் சுமந்து வீடு வீடாக விற்பவர். விடியுமுன் இறங்கினால் மத்தியானம்தான் திரும்புவார். இடையில் பேடு மாற்ற ஓர் இடம் கிடையாது. யார் வீட்டிலும் கேட்க முடியாது. மீன் வாங்குவார்கள், உள்ளே விடமாட்டார்கள். நான் சொல்லித்தான் கடைக்கு வந்தார். எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டார். எனக்கு ராத்திரிவரை தாங்கியதால், நாள் முழுக்கத் தாங்கும் என்று சொல்லி இரண்டு கொடுத்தனுப்பினேன்.

அடுத்த மாதம் நேராகப் படியேறி வந்தார். இரண்டாம் நாள், ஒரு வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து மீன் வெட்டிக் கொடுத்துவிட்டு எழுந்தபோது தரையில் கறை பட்டிருந்ததாம். அந்த வீட்டம்மா பார்க்கும் முன்னால், மீன் கழுவிய தண்ணீரை அதன்மேல் ஊற்றிவிட்டு நடந்தாராம். சத்தம் போடாமல் சொன்னார். அவருக்கு எவ்வளவு படும் என்று நான் கேட்டிருக்கவில்லை. என் உடம்பை வைத்து அவர் உடம்புக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். தப்பு என்னுடையது, சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

அவர் திருப்பித் தரவில்லை. மற்ற நாளெல்லாம் நன்றாகத்தான் இருந்தது, அந்த ஒரு நாளுக்கு இன்னும் கனமானது உண்டா என்று கேட்டார். இருந்தது. இந்த முறை எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, கனமானதில் இரண்டு எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு மட்டும், சுற்றுவழி ஆனாலும், சந்தைக் கழிவறைக்குப் போய் ஒரு தடவை மாற்றிக்கொள்ளச் சொன்னேன். பையை இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னார்.

"ஒனக்க ஒடம்பு ஒனக்கு, எனக்க ஒடம்பு எனக்கு. இனி ஆளைக் கேட்டுச் சொல்லு மக்கா."

ஒன்பது வருஷத்தில், அட்டையில் எழுதியிருப்பதை நம்பாமல் நானே போட்டு, நனைத்து, அலசி, காயவைத்து, ஒருவரிடம் ஏச்சும் வாங்கி விற்ற சரக்கு இது ஒன்றுதான். கீழ்த்தளத்துப் பட்டுச்சேலைப் பிரிவில் யாரும் இப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது.