ஆளில்லாத கடிதம்

போடிநாயக்கனூரில் ஒரு ஏலக்காய்க் கடையில் எனக்கு இங்கிலீஷ் எழுதுகிற சோலி. மலையிலிருந்து ஜீப்பில் காய் வந்து இறங்கும். பெண்கள் சொளகில் போட்டுத் தரம் பிரிப்பார்கள். மூட்டை கட்டி வெளிநாட்டுக்கு அனுப்புவோம். எல்லோரும் காயைத் தொட்டு வேலை பார்க்கிற இடத்தில் நான் மட்டும் கம்ப்யூட்டரைத் தொட்டு வேலை பார்க்கிறவன். ஆனாலும் சாயந்திரம் பஸ்சில் ஏறினால் கண்டக்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பாயாசம் ஏறிருச்சு, போலாம் ரைட்" என்பார்.

என் இங்கிலீஷைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அதில் காரியங்கள் நடக்கும்; செய்கிற ஆள் இருக்கமாட்டான். சரக்கு அனுப்பப்படும், தாமதம் வருந்தப்படும், தங்கள் கடிதம் பெறப்பட்டு அதன் உள்ளடக்கம் கவனிக்கப்படும். பேங்க் நோட்டீசு, ஆபீஸ் சர்க்குலர் எல்லாம் படித்துப் படித்து ஒட்டிக்கொண்ட பழக்கம். அதில் ஒரு சௌகரியமும் இருந்தது. 'ஜன்னல் உடைக்கப்பட்டது' என்று எழுதினால் ஜன்னல் மட்டும்தான் மாட்டும். கல்லை எறிந்தவன் வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிடலாம்.

இந்த வித்தையை வீட்டிலும் ஒருமுறை முயன்றேன். அடுப்பில் பாலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மனைவி மாடிக்குப் போனாள். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தவளிடம், "பால் சரியாகக் கவனிக்கப்படவில்லை" என்றேன்.

"அப்படியா? இன்னைக்குக் காப்பியும் போடப்படாது" என்றாள்.

அன்றே நான் திருந்தியிருக்கவேண்டும். திருந்தப்படவில்லை.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பெண்ணும் தான் பிரித்த காயைச் சாக்கில் போட்டதும், மேலே ஒரு துண்டுச் சீட்டு வைப்பாள். பேர் எழுதினால் குழப்பம். ஒரே பேரில் மூன்று பேர் இருக்கிறார்கள். அதனால் ஆளுக்கொரு படம். ஒருத்திக்கு மீன், ஒருத்திக்கு வெத்தலை, ஒருத்திக்குப் பிறை. வாய் வெடித்த காயோ சின்னக் காயோ கலந்திருந்தால், படத்தைப் பார்த்தே ஆளைக் கூப்பிட்டுவிடலாம். சாக்கைத் தைப்பதற்கு முன்னால், சரிபார்க்கிறவர் அந்தச் சீட்டை எடுத்துக் கம்பியில் குத்திவைப்பார்.

ஒரு நாள் சரிபார்க்கிற அண்ணன் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டார். "யோவ் இங்கிலீசு, இன்னைக்கு ஒரு நாள் சீட்டை நீ எடுய்யா" என்றார் முதலாளி. எடுத்தேன். கூடவே பேசினேன். பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தால் எனக்கு வாய் நிற்காது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் போனில் கூப்பிட்டபோது நான் இங்கிலீஷிலேயே சமாளித்த கதையை, நடுவில் இரண்டு இடத்தில் புளுகு சேர்த்து, கையை ஆட்டி நடித்துக் காட்டினேன். அறையே சிரித்தது. சிரிப்பு அடங்கியபோது கடைசிச் சாக்கும் தைத்து முடிந்திருந்தது.

ஒரு மாதம் கழித்து ஒரு மெயில் வந்தது. குளிர் தேசத்தில் மசாலா டீத்தூள் தயாரிக்கிற ஒரு அம்மாள். எங்களிடம் மறுபடி மறுபடி காய் வாங்குகிறவர். மூன்றே வரி. மூட்டைக்குள் ஒரு காகிதம் கிடந்தது, அதில் ஒரு கத்தரிக்காய் வரைந்திருக்கிறது, இது என்ன, எப்படி உள்ளே வந்தது? கூடவே போட்டோ.

போட்டோவைப் பார்த்ததும் நான் கதை பேசிய நாள்தான் நினைவுக்கு வந்தது. அது கத்தரிக்காய் இல்லை, கிளி. ராசிங்காபுரத்திலிருந்து வருகிற அக்காவின் அடையாளம். என்னைவிட இரண்டு வயது இளையவர். ஆனாலும் அறையில் எல்லோரும் அவரை அக்கா என்பதால் எனக்கும் அக்கா. பதிலுக்கு நான் அவருக்கு அண்ணன். கணக்கு உதைக்கும், கண்டுகொள்ளக் கூடாது.

பதில் எழுத உட்கார்ந்தேன். என் வாழ்நாள் சாதனை அது. ஒரு பக்கத்துக்கு மேல் போனது. காகிதம் அகற்றப்படாமல் விடப்பட்டது ஆழ்ந்து வருந்தப்படுகிறது, காரணங்கள் ஆராயப்பட்டு வருகின்றன, தக்க நடவடிக்கைகள் மேற்கொள்ளப்படும். படித்துப் பார்த்தபோது எனக்கே மெய்சிலிர்த்தது. யாரோ பெரிய கம்பெனி எழுதின மாதிரி இருந்தது.

மறுநாள் அந்த அம்மாளின் பதில்: "உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அதில் மனிதர்கள் யாரும் இல்லை. யார் என்ன செய்தார்கள் என்று தெரியாமல் அடுத்த ஆர்டரை என்னால் போட முடியாது."

அதை முதலாளிக்குத் தமிழில் சொன்னேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்தார். "ஆளு வேணுமாக்கும்? குடுத்துருவோம். சீட்டு யாருது?"

நான் வாயைத் திறப்பதற்குள் போட்டோவை வாங்கிப் பார்த்துவிட்டார். பிரிக்கிற அறையைப் பார்த்துச் சத்தம் கொடுத்தார். "கிளி யாருத்தா? ஒஞ்சீட்டு கடல் தாண்டிப் போயிருக்கு. சனிக்கெழமையோட நின்னுக்க."

அக்கா எழுந்து வந்து போட்டோவைப் பார்த்தார். வேலை போன கோபத்தைவிட வேறொரு கோபம்தான் முதலில் வந்தது.

"கத்திரிக்காயின்னா சொன்னாக? அண்ணே, இதுல மூக்கு தெரியலையா? வாலு தெரியலையா?"

"தெரியுதுக்கா."

"பெறகென்ன. வைக்கிறது எஞ்சோலி. வச்சேன். எடுக்கிறது யாரு சோலி?"

முதலாளிக்குப் போன் வந்து வெளியே போய்விட்டார். அக்கா அங்கேயே நின்றார். பதினைந்து வருசமாக அந்த அறையில் அதே மூலையில் உட்கார்கிறவர். சனிக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. ஆளில்லாமல் ஒரு கடிதம் எழுதினால், அந்தக் காலி இடத்தில் கைக்கு எட்டுகிற யாரையாவது பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்லெறிந்தவன் குளித்துக்கொண்டிருக்கிறான், தெருவில் போனவளுக்கு அடி.

"உக்காருங்கக்கா. மாத்தி எழுதுறேன்" என்றேன்.

பழைய கடிதத்தையே திறந்து அதன் அடியில் எழுத ஆரம்பித்தால், கை பழைய பாதையிலேயே போகிறது. சீட்டு எடுக்கப்பட மறக்கப்பட்டது. அழித்தேன். சீட்டு மறக்கப்பட்டது, என்னால். இது பரவாயில்லை என்று தோன்றியது. 'என்னால்' என்று ஒரு ஆள் வந்துவிட்டானே.

அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே, தப்பு சின்னதுதான? எழுத்து ஏன் இம்புட்டு நீளமாக் கெடக்கு?"

"மரியாதையா எழுதணும்ல."

"சரி, இதுல நீங்க எங்க இருக்கீக?"

கடைசி வார்த்தையைத் தொட்டுக் காட்டினேன்.

"அய்ய. போடிமெட்டு ஜீப்புல எடமில்லாம பின்னாடி தொங்குற ஆளு மாதிரியில்ல இருக்கு. முன்னாடி வந்து உக்காருங்கண்ணே!"

அறைக்குள்ளிருந்து சொளகுச் சத்தம் நின்று சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே முன்னாடி போய் உட்கார்ந்தேன்.

"நான் சீட்டை எடுக்க மறந்தேன். அன்று நான் கதை பேசிக்கொண்டிருந்தேன். காயைப் பிரித்தவர் தன் வேலையைச் சரியாகச் செய்தார். அந்தச் சீட்டு அவருடைய அடையாளம். இனி தைப்பதற்கு முன் இரண்டு பேர் பார்ப்போம். படத்தில் இருப்பது கிளி."

ஆறு வரி. இருபது வருசமாக இங்கிலீஷ் எழுதுகிறேன். 'நான்' என்று ஒரு வரியைத் தொடங்க எனக்கு அரைமணி நேரமும் ஒரு சொம்புத் தண்ணீரும் தேவைப்பட்டன.

அனுப்புவதற்கு முன் முதலாளியிடம் படித்துக் காட்டினேன். முதல் வரியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"நானுன்னா யாரு? நானா?"

"இல்ல மொதலாளி. நான்."

"நீயா? அப்ப முந்தி ஒரு பக்கத்துக்கு எழுதுனியே, அதுல ஏன்யா இது இல்ல?"

"அதுல எடம் இல்ல மொதலாளி."

முறைத்தார். அக்காவைப் பார்த்தார். மறுபடி என்னை முறைத்தார். "அனுப்பு. வியாபாரம் போச்சுன்னா ரெண்டு பேரும் சேந்து போங்க" என்றார். ஒன்று இரண்டாகிவிட்டதே என்று எனக்குப் பயம். அக்காவுக்கு ஏனோ அதில் ஒரு நிம்மதி.

வெள்ளிக்கிழமை முழுக்கப் பதில் இல்லை. மெயிலைத் திறந்து திறந்து மூடினேன். அறையிலிருந்து ஒவ்வொருத்தியாக வந்து, "வந்துருச்சாண்ணே?" என்று கேட்டுப் போனார்கள். சனிக்கிழமை காலை, டீ வந்த நேரத்தில் அதுவும் வந்தது.

"நன்றி. இப்போது புரிகிறது. அடுத்த லோடை அனுப்பலாம். இனிமேல் எனக்கு இப்படியே எழுதுங்கள்."

சத்தமாகப் படித்துத் தமிழிலும் சொன்னேன். அக்கா கையிலிருந்த டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுத் தன் மூலையில் போய் உட்கார்ந்து சொளகை எடுத்துக்கொண்டார். முதலாளி அவரை நிற்கச் சொன்னதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆனால் என்னை விடவில்லை.

"யோவ் இங்கிலீசு, ஒன்னைய என்ன செய்யலாம்? நீயே சொல்லு."

"அக்காவே சொல்லட்டும்" என்றேன்.

"இன்னைக்கு ஒரு பொழுது எம் பக்கத்துல உக்காந்து காய் பிரிக்கட்டும் மொதலாளி" என்றார் அக்கா, நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "வாயத் தெறக்காம."

வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். காயைத் தொடுகிற வேலை இவ்வளவு கஷ்டம் என்று யாராவது முன்னாலேயே எழுதியிருக்கலாம். எல்லாக் காயும் எனக்கு ஒரே மாதிரி இருந்தது. முதுகு பிடித்துக்கொண்டது. தும்மல் வந்தது, தும்மியதில் சொளகில் இருந்த பாதி பறந்தது. பக்கத்தில் வெத்தலைச் சீட்டுக்காரி சிரிப்பை அடக்க முடியாமல் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

மத்தியானச் சோற்றுக்கு முன்னால், நான் பிரித்து வைத்த காயில் அக்கா கையை விட்டு அளைந்தார். ஒரு வெடித்த காயை எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டினார். இன்னொன்றை எடுத்தார். இன்னொன்று.

"யாரு பிரிச்சது இது?"

"நான்தான்க்கா பிரிச்சேன்."

"நல்லாச் சொல்றீக" என்று, அவ்வளவையும் அள்ளி மறுபடி என் சொளகிலேயே கொட்டினார்.