முதுகால் கேட்டவர்

அறுபத்து மூன்று வயதில் ஓர்வல் ஹட்சன்ஸ் தன் பழைய டீசல் பிக்கப்பில் நெட்டுக்குத்தாகப் புகைக்குழாய் வைக்கப் போகிறார் என்றதும் ஊரே சிரித்தது. வயோமிங்கில், எங்கள் பக்கத்தில், அது பத்தொன்பது வயதுப் பையன்களின் ஆசை. கேபினுக்குப் பின்னால் இரண்டு குழாய்கள் வானத்தைப் பார்த்து நிற்கும். மிதித்தால் ஊர் அதிரும்.

"எந்தப் பொண்ணை மயக்கப் போற, கிழவா?" என்றான் வெல்டர் கிளீட்டஸ். ஓர்வலின் மனைவி லவானுக்குத் தம்பி.

"உங்க அக்காவைத்தான். பேசாம வெட்டு."

பின்பெட்டித் தரையில் இரண்டு ஓட்டைகள் விழுந்தன. குழாய்களைப் பிடிக்கும் இடத்தில் அதிர்வு தாங்க கிளீட்டஸ் ரப்பர் வைக்கப் போனபோது ஓர்வல் அவன் கையைப் பிடித்துவிட்டார்.

"ரப்பர் வேணாம். கேபின் முதுகோட சேத்து இறுக்கு."

"பைத்தியமா உனக்கு? உள்ள உக்காந்தா பல்லெல்லாம் ஆடும்."

"என் பல்லு. ஆடட்டும்."

ஓர்வலுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. நாற்பது வருஷமாக எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கியர் மாற்றியவர். போன மாதம், டிரெய்லரில் ஒன்பது மாடுகளோடு மேடேறும்போது நேரம் தப்பி மாற்றியதில் வண்டி நின்று, ஓரடி பின்னால் உருண்டது. லவானுக்குத் தெரிந்தால் சாவியைப் பிடுங்கிவிடுவார். தன் அப்பாவுக்குக் கண் மங்கியபோது அப்படித்தான் செய்தார். பிறகு அந்த மனிதர் ஜன்னலோர நாற்காலியை விட்டு எழவே இல்லை. நாற்காலி இன்னும் இவர்கள் வீட்டில்தான் கிடக்கிறது. ஓர்வல் அதைச் சுற்றிக்கொண்டுதான் நடப்பார்.

வியாழக்கிழமை மாட்டு ஏலத்துக்குக் கிளம்பியபோது லவானும் ஏறிக்கொண்டார். மேட்டில் ஓர்வல் முதுகை இருக்கையோடு அழுத்திக்கொண்டார். எஞ்சின் திணறுவதும் தெளிவதும் முதுகெலும்பில் அப்படியே தெரிந்தது. கியர்கள் பழையபடி விழுந்தன. ஒரு மாதத்துக்குப் பிறகு நன்றாக மூச்சு விட்டார்.

உச்சிக்குப் போனதும் ஒரு போலீஸ் கார் முன்னால் வந்து மறித்தது. டிராய், உள்ளூர்ப் பையன்தான்.

"சத்தம் ஜாஸ்தின்னு சொல்லத்தான் வந்தேன். ரெண்டு மைலா சைரன் போட்டுக்கிட்டு உங்க டிரெய்லர் வாலைப் பிடிச்சிட்டு வர்றேங்க!"

அவன் கை போலீஸ் கார் மேலிருந்த சைரனைக் காட்டுவதைப் பார்த்து ஓர்வல் சமாளித்தார். "இந்தச் சத்தத்துல எவனுக்குய்யா சைரன் கேக்கும்?"

டிராய் சிரித்துவிட்டு, குழாய்க்கு ஏதாவது செய்யச் சொல்லிப் போய்விட்டான். ஓர்வல் கியரில் கை வைத்தார். லவான் அந்தக் கையைப் பிடித்து, அவர் முகத்துக்கு நேரே குனிந்தார்.

"எனக்குக் கேட்டுச்சு. ஓடைப் பாலத்துலயே கேட்டுச்சு. நீ எப்போ திரும்பிப் பாப்பேன்னு பாத்துக்கிட்டே வந்தேன்."

ஓர்வல் இன்னொரு கையால் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ரப்பர் வேணாம்னியாமே. கிளீட்டஸ் சொன்னான். அன்னைக்கே சந்தேகம். எறங்கு."

லவான் ஸ்டீயரிங் பக்கம் நகர, ஓர்வல் இறங்கி, சுற்றிப் போய், ஜன்னலோரம் உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இல்லாத கிளட்சைக் கால் தேடியது. லவான் டிரெய்லரோடு ஓட்டிப் பழகியவர் இல்லை. வண்டி உதறிக்கொண்டு நகர்ந்தது. எஞ்சின் முதல் கியரிலேயே கதறுவது ஓர்வலின் முதுகில் ஏறியது. பொறுக்க முடியாமல் முன்பலகையை ஓங்கித் தட்டினார்.

"இப்போ மாத்து! இப்போ!"

லவான் மாற்றினார். கியர் உதறலில்லாமல் சரியாக விழுந்தது.

"கத்தாத. எனக்குக் காது கேக்கும்."

அடுத்த கியருக்காக ஓர்வல் முதுகை இருக்கையில் அழுத்திக்கொண்டார்.