கைக்குள் வந்த சாவிக்கொத்து

2006 ஜூன் 14, புதன்கிழமை. வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்தேன். பால் வாங்கி வைத்துவிட்டு, வேங்கிக்கால் வீட்டு மொட்டை மாடியிலிருந்து மலையைப் பார்த்தேன். பௌர்ணமிதோறும் நானும் மனைவியும் சுற்றிவந்த மலை. காரணம் தெரியாத மயக்கங்கள் தொடங்கியதும் டாக்டர் கிரிவலத்தை நிறுத்திவிட்டார்.

காரணத்தைக் கண்டுபிடிக்க என் மார்புத் தோலுக்கடியில் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கருவி வைத்திருந்தார்கள். மயங்கி எழுந்ததும், கையில் வைத்திருக்கும் சின்னக் கருவியின் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் அந்த நேரத்து இதயத் துடிப்பு பதிவாகி நிற்கும், தாமதித்தால் அழிந்துவிடும். மயக்கத்துக்குப் பயந்த நானே அது வராதா என்று ஏங்கினேன்.

அன்று கடைத்தெருவில் வந்தது. கண் விழித்தபோது கைக்குள் யாருடைய சாவிக்கொத்தோ இருந்தது.

"வலிப்புனு நெனச்சிட்டேங்க. இரும்பு குடுத்தா நின்னுடும்ல? கையில ஏதோ டப்பா இருந்துச்சு, புடுங்கிப் போட்டுட்டேன்" என்றார் வாழைக்காய்க் கடைக்காரர்.

டப்பா தார்களுக்கு அடியில் கிடைப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது.

"அடுத்த தடவ சொல்லிட்டு விழுங்க, நான் வந்து அமுக்கறேன்" என்று வீட்டில் மனைவி சிரித்தாள். பிறகு மலைப்பக்கம் பார்த்து, "வர்ற பௌர்ணமியும் போச்சு" என்றாள்.

மறுநாள் காலை எழுந்ததும் முதல் வேலையாக, அந்தப் பொத்தான் கருவியை எங்கள் வீட்டுச் சாவிக்கொத்தோடு சேர்த்துக் கட்டினேன்.