கதிரை வைத்த புல்லு மெசின்

என் கணவரின் வலது கால் துறைமுகத்தில் போனது. வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போவதற்குச் சற்று முந்தி, பட்டறையில் ஒரு சங்கிலி அறுந்து முழங்காலில் விழுந்தது. கால் உடம்போடுதான் இருந்தது. பாரம் மட்டும் தாங்காது. கடற்படை போனதும் வேலையும் போயிற்று. எஞ்சின் வேலை முழுவதும் கைக்குள் இருந்த மனுசன்தான். ஆனால் நின்று வேலை செய்ய ஏலாதவரை யார் எடுப்பார்கள்? தம்பலகாமத்தில் உழவு மெசின் வைத்திருந்தவர்களிடம் போனார், குச்சவெளி பஸ்காரர்களிடம் போனார். எல்லோரும் அன்பாகத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார்கள். அப்படித் தேத்தண்ணி கொடுத்து அனுப்புகிறவர்களை எனக்கு இன்றும் பிடிக்காது.

நான் அப்போது துறைமுகத்தைப் பார்த்த மேட்டில் ஒரு கம்பனி பங்களாவின் குசினியில் சமையல் வேலை செய்தேன். எங்கள் வீடு மேட்டின் அடியில். பங்களா நாய் குரைத்தால் எங்களுக்குக் கேட்கும். அங்கே பின்கொட்டிலில் ஒரு புல்லு வெட்டும் மெசின் துருப்பிடித்துக் கிடந்தது. முன்னால் எஞ்சினும் சுழலும் கத்திகளும், பின்னால் ஓர் உருளையின் மேல் கதிரை. ஆள் ஏறி இருந்து ஓட்டலாம். பங்களாவில் இருந்த வெள்ளைக்காரன் போன பிறகு அதில் கோழிகள்தான் ஏறி இருந்தன. அந்தக் கதிரையைத் தினமும் கடந்து போனவளுக்கு ஒருநாள்தான் புத்தியில் பட்டது: இது இருந்து செய்கிற வேலை அல்லவா?

பங்களா மனேச்சர் என் கணவருக்குத் தூரத்துச் சொந்தம். அவரிடம் கேட்டேன். தலையைச் சொறிந்தார்.

"மெசின் ஓடினால், அதுக்கு ஒரு ஆள் வேணும் எண்டு நான் பெரிய துரையிட்டைக் கேட்கலாம். கொழும்பிலையிருந்து அடுத்த மாதம் வாறார். ஆனால் தங்கச்சி, நொண்டி எண்டு தெரிஞ்சால் எடுக்க மாட்டினம். இவர் நடக்கிறதைத் துரை காணக் கூடாது. துரை வரேக்கை மேலை ஏறி இருந்து ஓடிக்கொண்டு இருக்கோணும்."

என் முகத்துக்கு நேரே நொண்டி என்றார். காரியம் ஆகட்டும் என்று விழுங்கிக்கொண்டேன்.

பொழுதுபடும் நேரங்களில் இவர் கொட்டிலுக்கு வந்து ஒரு பெட்டியில் இருந்தபடி மெசினைக் கழற்றினார். புகைக்குழாய்க்குள் குளவி கூடு கட்டியிருந்தது. பெற்றோல் காய்ந்து பாணியாகி எல்லா ஓட்டைகளையும் அடைத்திருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மெல்லிய வயர் இழையால் குத்திக் குத்தி எடுத்தார். இறுகிப்போன எஞ்சினுக்குள் எண்ணெய் விட்டு நாள் கணக்கில் காத்திருந்தோம். கதிரைக்குப் பழைய படங்குத் துணியில் நான் உறை தைத்தேன். அந்த நாட்களில் இவர் சாப்பாட்டைக் குறை சொன்னார். எனக்குச் சந்தோசமாக இருந்தது. வேலை போனதற்குப் பிறகு அவர் எதையும் குறை சொன்னதில்லை.

ஸ்டார்ட் பண்ணுவதில்தான் சிக்கல். சில்லில் கயிற்றைச் சுற்றி, ஒரு காலை மெசினில் ஊன்றி, மற்றக் காலில் நின்று ஒரே இழுவையாக இழுக்க வேண்டும். இவர் ஒருமுறை முயன்று சரிந்துபோனார்.

"இஞ்சரும், நீர் ஒருக்கா இழுத்துப் பாரும்."

நான் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு இழுத்தேன். உள்ளங்கை உரியும்வரை இழுத்த பிறகு ஒருநாள் எஞ்சின் இருமிப் புகை கக்கிப் பிடித்தது. கோழிகள் நாலு பக்கமும் பறந்தன. இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரிக்கவில்லை.

துரை வருவதாக இருந்தது ஒரு வெள்ளிக்கிழமை, பதினொரு மணிக்கு. ராகுகாலம். தொழில் தேடிப் போகிற மனுசன் ராகுகாலத்தில் எஞ்சினைத் தொடுவாரா?

"பத்து மணிக்கே ஸ்டார்ட் பண்ணி விடுவம்," என்றார் இவர். "ஓடிக்கொண்டிருக்கிறது ஓடட்டும். அது தொடங்கிறதாகாது."

மனேச்சரும் அதுதான் சரி என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். பத்து மணிக்குக் கயிற்றை இழுத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டேன். இவர் வெள்ளைச் சேட்டும் நீளக் காற்சட்டையுமாக வேப்பமரத்தடியில் மெசின் மேல் இருந்தார். எஞ்சின் நின்ற இடத்தில் படபடத்துக்கொண்டிருந்தது. பதினொரு மணியாயிற்று, துரை வரவில்லை. எஞ்சின் சூட்டில் தகித்தது. நிறுத்தவும் பயம், நிறுத்தாமல் விடவும் பயம்.

துரையின் கார் வாசலில் திரும்பியபோது எஞ்சின் நின்றது.

குசினி யன்னலால் எல்லாவற்றையும் பார்த்தேன். துரை இறங்கி நேரே புல்லுக்கு வந்தார். இவர் கதிரையைப் பிடித்தபடி இறங்கினார். கயிற்றைச் சுற்றினார், காலை ஊன்றினார், இழுத்தார், விழுந்தார். எழும்பி இன்னொரு தரம் இழுத்து, இன்னொரு தரம் விழுந்தார். அந்த வெள்ளைச் சேட்டு மண்ணில் கிடந்ததைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. வெளியே வரக் கூடாது என்று மனேச்சர் சொன்னதெல்லாம் மறந்து ஓடினேன். யாரையும் பார்க்காமல் இழுத்தேன். மூன்றாம் இழுவையில் பிடித்தது. இவர் ஏறி இருந்து, அந்தத் தலையிலிருந்து இந்தத் தலைவரை கோடு போட்டதுபோல் வெட்டிக் காட்டினார். துரை கை தட்டினார். கிடைத்துவிட்டது என்றே நம்பினேன்.

பின்னேரம் மனேச்சர் குசினி வாசலில் வந்து நின்றார்.

"துரைக்கு மெசின் நல்லாப் பிடிச்சிட்டுது. ஆனால் ஒரு ஆள் மேலை இருக்க, இன்னொரு ஆள் கயிறு இழுக்கிறது சரிவராதாம். வாசல் காவல்காரன் ஓட்டட்டும் எண்டிட்டார். நாளைக்கு இவரை வந்து அவனுக்குப் பழக்கிவிடச் சொல்லும்."

போகாதேங்கோ என்று இவரிடம் காலில் விழாத குறையாகச் சொன்னேன்.

"தெரியாதவன் ஓட்டினால் மெசின் பழுதாப் போயிடுமப்பா," என்றுவிட்டுப் போனார். போய்ப் பழக்கிவிட்டும் வந்தார். வந்த வேகத்தில் படுத்தார். சாப்பாட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை.

நான் குசினி வேலையை விடவில்லை. விட்டால் சாப்பிடுவது எதை? புல்லு வெட்டும் நாளில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். வெளியே கயிறு இழுபடுகிற சத்தம், திரும்பத் திரும்ப. எஞ்சின் பிடிக்கவில்லை. காவல்காரனுக்கு இரண்டு காலும் நல்ல கால். கடைசியில் வேர்க்க விறுவிறுக்க வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. உங்கடை கைக்குத்தான் அது பிடிக்கும் எண்டு மனேச்சர் சொல்றார். ஒருக்கா வந்து இழுத்து விடுங்கோ."

கையைக் கழுவிவிட்டுப் போய் இழுத்தேன். முதல் இழுவையிலேயே பிடித்தது. நான் தைத்த உறையில் அவன் ஏறி இருந்தான்.

அன்று வீட்டுக்குப் போனபோது இவர் படியில் இருந்தார். பல நாளைக்குப் பிறகு தானாகக் கதைத்தார்.

"காலமை முதலிலை திணறினது கேட்டுது. பிறகு ஒரே இழுவையிலை பிடிச்சிட்டுது. பெடியன் நல்லாப் பழகிட்டான் போல."

"ஓம்," என்றேன். "நீங்கள் பழக்கினது தானே."